நம்பிக்கையான ஆள்: ஒரு முறைப்பாட்டின் வரலாறு

"தம்பி, வேலி அடைக்க ஒரு ஆளையும் பிடிக்கேலாமல் கிடக்கு. நாளைக்கு வாறன் எண்டு சொல்லி முற்காசும் வாங்கிக்கொண்டு போறாங்கள், பிறகு ஆளைக் காணேலாது. கிணறு இறைச்சு மூண்டு வருசம். தேங்காய் பிடுங்கவும் ஆளில்லை. முந்தியெண்டால் ஒரு சத்தம் வைச்சால் காணும்."

ஊரிலிருந்து அக்கா தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் பலெர்மோவின் கபோ பகுதியில், மூன்றாம் மாடியிலுள்ள எனது அறையில், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காற்சட்டைப் பையில் ஐந்து வீடுகளின் திறப்புகள் கிடந்தன. அன்று இரண்டு வீடுகளில் நிலம் துடைத்து, ஒரு வீட்டில் யன்னல்களைக் கழுவி, இன்னொரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் கிழவரைக் குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தேன். அக்கா தேடுகின்ற ஆள் பலெர்மோவில் நான்தான். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சில்லறை வேலைகளுக்கு நம்பிக்கையான ஆள் கிடைப்பதில்லை என்ற முறைப்பாடு யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. கொழும்பிலும் சென்னையிலும் பலெர்மோவிலும் அது கேட்கிறது. பொதுவாக இதை வீட்டுக்காரரின் சலிப்பு என்று கேட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். என் கருத்து, இதை ஒரு வரலாற்று ஆவணமாக வாசிக்க வேண்டும் என்பதே. ஆள் இல்லை என்று ஒரு சமூகம் முறையிடத் தொடங்குகிறது என்றால், அதுவரை கூப்பிட்டவுடன் வந்து நின்றவர்கள் எங்கோ போய்விட்டார்கள் என்பது பொருள். அவர்கள் யார், ஏன் வந்து நின்றார்கள், எங்கே போனார்கள் என்பவை வரலாற்றுக் கேள்விகள். இத்தாலியில் எமது புகலிட வாழ்வுக்கு அத்திவாரமே இந்த முறைப்பாடுதான். எனவே அதே முறைப்பாடு எமது வீட்டிலிருந்து எழும்போது அதை எப்படிக் கேட்பது என்பதையும் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

1

கபோ, பலெர்மோவின் பழைய நகரத்துச் சந்தைப் பகுதி. கரீனி வாசலால் நுழைந்தால் ஒடுங்கிய கல்லுத் தெருவின் இருமருங்கும் மீனும் மரக்கறியும் ஒலிவ் காய்களும். பத்தாம் நூற்றாண்டில் இந்நகரம் அராபியர் ஆட்சியில் இருந்தபோது, 973இல் இங்கு வந்த இப்னு ஹவ்கல் என்ற பயணி நகரின் இந்தப் பக்கத்தைச் சக்காலிபாக்களின் குடியிருப்பு என்று எழுதிவைத்தார். சக்காலிபாக்கள் என்போர் ஸ்லாவியர். அக்காலத்தில் பெருந்தொகையாக அடிமைகளாகவும் அடிமைப் போர்வீரராகவும் விற்கப்பட்டவர்கள். அவர்களின் இனப்பெயரே பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அடிமை என்ற சொல்லாயிற்று. இத்தாலிய மொழியில் அது 'ஸ்கியாவோ'. 'உமது அடிமை' என்று வெனிசியர் சொன்ன வணக்கம் தேய்ந்துதான் 'ச்சாவோ' ஆனது. சந்தையில் நாளுக்கு நூறு தடவை அதைச் சொல்லுகிறோம், கேட்கிறோம்.

சிசிலி மொழியில் வேலைக்காரிக்கு இருந்த சொல் 'கிரியாத்தா'. பல நூற்றாண்டுகள் இத்தீவை ஆண்ட ஸ்பானியரிடமிருந்து வந்தது. 'வளர்க்கப்பட்டவள்' என்பது அதன் வேர்ப்பொருள். உட்பகுதிக் கிராமங்களின் ஏழைக் குடும்பங்கள் தமது பெண்பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பலெர்மோவின் வசதியான வீடுகளில் விட்டுவிடுவார்கள். அவள் அங்கே 'வளர்வாள்'. இந்தச் சொல்லின் பொருளை முதன்முதல் அறிந்தபோது எனக்கு மனம் குறுகுறுத்தது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

ஆண்களின் நிலையும் வேறல்ல. 1956இல் வெளிவந்த 'பலெர்மோ விசாரணை' என்ற நூலில் டானிலோ டொல்சி, நிலையான தொழில் இல்லாமல் அன்றன்றைக்குக் கிடைக்கும் சில்லறை வேலையால் உயிர்வாழ்ந்தவர்களை அவர்களின் வாய்மொழியிலேயே பதிவுசெய்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் பலெர்மோ மாகாணத்தின் பார்த்தினிக்கோவில், வேலையற்றவர்களைத் திரட்டி, பழுதடைந்த தெருவொன்றைக் கூலியில்லாமல் திருத்த வைத்தார். இதைத் 'தலைகீழ் வேலைநிறுத்தம்' என்றார்கள். வேலை செய்த குற்றத்துக்காக அவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

இந்த மக்கள் பிறகு எங்கே போனார்கள்? 1955 டிசம்பரில் இத்தாலியும் மேற்கு ஜேர்மனியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தன. தோரினோ, மிலானோ தொழிற்சாலைகளும் ஆட்களைக் கேட்டன. சிசிலியின் தெற்குக் கிராமங்கள் ரயிலேறின. மிஞ்சியவர்களின் பெண்பிள்ளைகள் பாடசாலைக்குப் போனார்கள். கிரியாத்தாவாகப் போக அவர்கள் தயாராக இல்லை. சட்டமும் மெல்ல அசைந்தது. 1958இல் வீட்டு வேலைக்கென ஒரு சட்டம் வந்தது. ஆனால் ஒரே எசமானிடம் நாளுக்கு 4 மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கே அது பொருந்தும். வீடு வீடாக இரண்டு மணித்தியாலம் ஓடுபவர் அதற்கு வெளியே. வீட்டு வேலையாளருக்குக் கூட்டு ஒப்பந்தம் கூடாது என்றிருந்த தடையை 1969இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது. 1974இல் முதலாவது தேசியக் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. வேலைக்காரி 'கொல்ஃப்' ஆனாள், அதாவது குடும்பத்தின் ஒத்துழைப்பாளர்.

மதிப்பான பெயரும் ஒப்பந்தமும் வந்த அதே காலத்தில்தான், நம்பிக்கையான ஆள் கிடைப்பதில்லை என்ற முறைப்பாடும் இந்நகரத்து வசதியான வீடுகளில் ஓங்கியது. தற்செயல் அல்ல. முதலில் கேப் வேர்ட், எரித்திரியா, பிலிப்பைன்ஸ் பெண்கள் கத்தோலிக்கத் திருச்சபை வழியாக இத்தாலிய வீடுகளுக்குள் வந்தார்கள். பின்னர் நாங்கள் வந்தோம்.

தங்குவதற்கும் இடம் தயாராக இருந்தது. 1943 குண்டுவீச்சில் இடிந்த பழைய நகரம், 1968 ஜனவரியில் பெலிச்சே நிலநடுக்கத்தின் பின் மேலும் வெறுமையானது. வசதியுள்ளோர் புதிய சீமெந்து மாடிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன ஈரச் சுவர் வீடுகளில் நாங்கள் குடியேறி, அவர்களின் புதிய வீடுகளைத் துடைக்கப் போனோம்.

2

1983க்குப் பின் ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட எம்மவர்களில் பெரும்பாலோருக்கு இத்தாலி ஒரு வழி மட்டுமே. போகும் இடமாக இருக்கவில்லை. ஜேர்மனி, சுவிஸ், பிரான்ஸ் என்பவையே இலக்கு. 1986இல் கிழக்கு பெர்லின் பாதை அடைபட்டபின் சிலர் தெற்கிலேயே தங்கினார்கள். இலங்கையர் என்றால் மிலானோவிலும் ரோமாவிலும் நாப்போலியிலும் பெரும்பாலும் வென்னப்புவ, மாரவில பக்கத்துச் சிங்களவர்கள். பலெர்மோவில் மட்டும் தமிழர்களே கூடுதல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1990 வரை இத்தாலி, ஜெனிவா உடன்படிக்கைக்குப் புவியியல் எல்லையொன்றை வைத்திருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்தவரையே அது அகதியாக ஏற்றது. எனவே இங்கு வந்த தமிழனிடம் உனக்கு என்ன நடந்தது என்று எவரும் கேட்கவில்லை. உன்னை வேலைக்கு வைத்திருப்பது யார் என்றே கேட்டார்கள். 1986 டிசம்பரின் 943ஆம் இலக்கச் சட்டமும், 1990 பெப்ரவரியின் மார்த்தெல்லி சட்டமும் எமக்குப் பத்திரம் தந்தன. மார்த்தெல்லி சட்டம் அந்தப் புவியியல் எல்லையையும் நீக்கியது. ஆனால் அதற்குள் எங்களில் பலர் அகதி என்ற சொல்லுக்கு உரிமை கோராமலே வேலையாள் என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டோம். 1989 டிசம்பர் 31க்கு முன் இங்கு இருந்தவன் என்று காட்டி நானும் அப்படித்தான் பத்திரம் எடுத்தேன். 2002இன் பொஸ்ஸி-ஃபினி சட்டம் வதிவிட உரிமையை வேலை ஒப்பந்தத்தோடு வெளிப்படையாகவே முடிந்துவிட்டது. அவ்வாண்டுப் பத்திரப்படுத்தலுக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ 7 இலட்சம் பேரில் பாதியளவினர் வீட்டு வேலையாளரும் முதியோரைப் பார்ப்பவர்களுமே.

வேலை கிடைப்பதற்கு ஒரே வழி, ஏற்கெனவே வேலையிலிருக்கும் ஒருவரின் வாய்ச்சொல். 'பெர்சோனா தி ஃபிடூச்சா', நம்பிக்கையான ஆள். ஒரு சினியோரா தன் சகோதரிக்குச் சொல்வார், சகோதரி பக்கத்து வீட்டுக்குச் சொல்வார். எங்கள் பக்கத்திலும் ஒரு சங்கிலி இருந்தது. அதைப் பற்றி நாம் எழுதுவதில்லை. எனக்கு முதல் வீடு கிடைத்தது ஒரு ஊரவரால். ஒரு மாதச் சம்பளத்தை அவருக்குக் கொடுத்தே அந்த இடத்தை எடுத்தேன். அதற்கு முன் அவர் கேட்ட கேள்வி: "தம்பி எந்த ஊர்? ஊரிலை எந்தப் பக்கம்?" எந்தப் பக்கம் என்ற கேள்வியின் உள்ளர்த்தம் இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நல்ல 'பக்கத்து' ஆளுக்கு நல்ல வீடு. மற்றவருக்கு உணவகத்தில் கோப்பை கழுவுதல். சாதி கடல் கடந்து சிசிலியின் வேலைச் சந்தையில் நம்பிக்கை என்ற பெயரில் இயங்கிற்று.

3

இரண்டாவது வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதற் கிழமை. சோபா மெத்தையைத் தூக்கித் தூசி தட்டும்போது பத்தாயிரம் லீரா நோட்டு ஒன்று கிடந்தது. மடிப்புக் கலையாத புது நோட்டு. பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. எடுத்து மேசையில் வைத்து, மேலே சாம்பல் கிண்ணத்தை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். மாலையில் சினியோரா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை வீட்டுத் திறப்பைத் தந்தார். என் பெயர் வாயில் நுழையவில்லை என்று அன்றிலிருந்து 'அந்தோனியோ' என்று கூப்பிடத் தொடங்கினார்.

தமிழர் அமைதியானவர்கள், களவெடுக்கமாட்டார்கள், பக்தியுள்ளவர்கள் என்று இந்நகரத்தில் எமக்கு ஒரு பெயர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெகிரினோ மலையிலுள்ள புனித ரொசாலியாவின் குகைக்கு நாங்கள் நடந்து ஏறுகிறோம். வேதக்காரரும் போகிறார்கள், சைவக்காரரும் போகிறார்கள். 1624இன் கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காப்பாற்றியவள் என்று பலெர்மோ மக்கள் கொண்டாடும் புனிதை அவள். இதைக் கண்டு இவர்களுக்கு எம்மீது ஒரு வாஞ்சை. இந்த வாஞ்சையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது எம்மைப் பல வேளைகளில் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

கூட்டு ஒப்பந்தத்தின்படி, நோய் வந்தால் வீட்டு வேலையாளுக்குச் சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 8, 10 அல்லது 15 நாட்களுக்கே எசமான் சம்பளம் தரவேண்டும். மற்றத் தொழிலாளருக்கு அரச காப்புறுதி தரும் நோய்க்கால உதவி எமக்கு இல்லை. முன்னறிவித்தல் கொடுத்தால் காரணம் சொல்லாமலே நிறுத்தலாம். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது ஏனைய தொழிலாளரை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று அரசு தடைவிதித்தது. வீட்டு வேலையாளர் அத்தடைக்குள் அடங்கவில்லை. வேலைத்தலத்தில் குடியிராத, கிழமைக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் ஒப்பந்தமுள்ளவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களுக்கு 500 யூரோ வீதம் கிடைத்தது. பத்திரமில்லாமல் மணித்தியாலக் கணக்கில் ஓடியவர்களுக்கு அதுவுமில்லை. திறப்பைத் தருகின்ற நம்பிக்கை நோய்க்காலச் சம்பளம் தருவதில்லை.

எமது வார்த்தையை நம்புவதும் அதற்குள் அடங்காது. 1996 டிசம்பர் 25க்கும் 26க்கும் இடைப்பட்ட இரவில், சிசிலியின் தென்முனையிலுள்ள போர்த்தோபாலோவுக்கு அப்பால், ஒரு கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாற்றப்பட்ட இந்தியர், பாகிஸ்தானியர், ஈழத்தமிழர் ஆகியோரில் குறைந்தது 283 பேர் மூழ்கினார்கள். தப்பியவர்கள் கிரேக்கத்தில் கரையிறக்கப்பட்டு, நடந்ததைச் சொன்னார்கள். அதிகாரிகள் நம்பவில்லை. மீனவர் வலைகளில் உடல்கள் ஏறின. வீண் தொல்லை என்று திரும்பக் கடலில் போடப்பட்டன. 2001இல், வலையில் சிக்கிய ஒரு தமிழ் இளைஞனின் அடையாள அட்டையை மீனவர் ஒருவர் வெளியே கொடுத்த பின்னரே, பத்திரிகையாளர் ஜொவானி மரியா பெல்லு கடலடியில் அந்தப் படகைக் காட்டினார். அந்த ஐந்து ஆண்டுகளும் நான் பலெர்மோவில் திறப்புக் கோவையோடு திரிந்தேன். என்னை நம்பி வெள்ளிக் கரண்டிகளை விட்டுச்சென்ற அதே சமூகம், எம்மவர் செத்தார்கள் என்ற எம்மவரின் சாட்சியத்தை நம்பவில்லை.

4

அந்தப் பத்தாயிரம் லீரா நோட்டைக் கண்டவுடன் விளங்கியது எப்படி? அந்த வித்தையை நான் எங்கள் வீட்டில் பார்த்திருந்தேன்.

1974இல், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளையை ஒரு தரகர் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். தோட்டங்களில் பட்டினி நிலவிய காலம். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் தலைக்கணக்கில் பங்குபோடப்பட்ட மக்கள். முதற் கிழமையே அம்மா ஒரு இரண்டு ரூபா நோட்டைப் பாய்க்கடியில் வைத்தார். அவள் கூட்டும்போது அதை எடுத்துவந்து கொடுத்தாள். "நம்பிக்கையான பிள்ளை" என்று அம்மா அயலுக்கெல்லாம் சொன்னார். பெயர் கூப்பிட நீளம் என்று வேறு பெயர் வைத்தார். சம்பளத்தை ஆண்டுக்கொருமுறை தீபாவளிக்கு அவளின் தகப்பன் வந்து வாங்கிக்கொண்டு போவார். நான் பள்ளிக்கூடம் போனேன், அவள் போகவில்லை. யாராவது கேட்டால் "நாங்கள் எடுத்து வளர்க்கிற பிள்ளை" என்பார்கள். கிரியாத்தா என்ற சொல் என் மனதைக் குடைந்தது இதனாற்றான்.

வேலி அடைத்தவர், தேங்காய் பிடுங்கியவர், கிணறு இறைத்தவர், உடுப்பு வெளுத்தவர், தலைமயிர் வெட்டியவர் எல்லோரும் 'ஒரு சத்தம் வைச்சால்' ஏன் வந்தார்கள்? அது அவர்களின் நல்ல குணத்தால் அல்ல. ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1707இல் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புதல் அளித்த தேசவழமையில் அடிமைகள் பற்றி ஒரு பகுதியே உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று அது பெயர் சொல்கிறது. ஆங்கிலேயர் 1806இல் தேசவழமைக்குச் சட்டவலு கொடுத்தார்கள். அடிமைமுறை 1844இல்தான் ஒழிந்தது. அதன் பின்னும் நிலம் யார் கையில் இருந்ததோ அவர் கூப்பிட்டவுடன் மற்றவர் வரவேண்டியிருந்தது. குடிமை என்ற பெயரில் அது மரபாயிற்று. கூலிக்குப் பதில் நெல்லும் நல்லநாள் வரிசையும் தரப்பட்டன.

1871இல் இலங்கையில் வீட்டு வேலைக்காரரைப் பதிவுசெய்யும் சட்டமொன்று, 28ஆம் இலக்கம், கொண்டுவரப்பட்டது. அது நடைமுறைப்படுத்தப்பட்ட இடங்களில் வேலைக்காரன் பொலிஸில் பதிந்து, ஒரு சிறு ஏட்டை வைத்திருக்க வேண்டும். வேலையை விட்டு விலகும்போது எசமான் அதில் அவன் குணத்தை எழுதுவார். எசமானின் குணத்தை எழுதும் ஏடு எதுவும் இருக்கவில்லை. நம்பிக்கை என்பது கீழே உள்ளவர் நிரூபிக்க வேண்டியது, மேலே உள்ளவர் அளக்க வேண்டியது என்ற நியதியைச் சட்டம் எழுத்தில் வைத்தது. இரண்டு ரூபா நோட்டும் பத்தாயிரம் லீரா நோட்டும் அந்த ஏட்டின் பக்கங்களே.

அவர்கள் எங்கே போனார்கள்? பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராடினார்கள். பிறகு யுத்தம் எல்லோரையும் சிதறடித்தது. சிலர் களத்தில் செத்தார்கள். சிலர் எங்களைப் போலவே கடன்பட்டுக் கடல் கடந்தார்கள். மலையகப் பிள்ளையின் குடும்பம் 1977 வன்செயலோடு வன்னிக்குப் பெயர்ந்தது. ஒருநாள் தகப்பன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அம்மா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம்: "இனி இப்பிடியொரு நம்பிக்கையான ஆளுக்கு எங்கை போறது?"

5

எங்கள் பக்கத்திலிருந்து வரக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். முற்காசு வாங்கிவிட்டு வராமலிருப்பது விடுதலையா? கிழவி தனியாக இருக்கும் வீட்டில் கிணறு பழுதாய்க் கிடப்பதா சமத்துவம்? இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அக்காவுக்கு எழுபது வயதாகப்போகிறது. அவருக்கு உதவி தேவை. வாக்குத் தவறுவதை நான் போற்றவில்லை. ஆனால் வாக்குத் தவறக்கூடிய நிலை என்பதே புதிது. அக்காவின் வேலியை முன்னர் அடைத்தவருக்கு வரமாட்டேன் என்று சொல்லும் வழியே இருக்கவில்லை. இப்போது அவரின் மகன் பிரான்ஸில் இருக்கிறான்; வேலிக்குப் போகவேண்டாம் என்று தகப்பனுக்குச் சொல்லிவிட்டானாம். அக்கா இதை ஒரு குற்றமாகச் சொன்னார். எனக்கு அது, இத்தாலியில் 1960களில் மகளைக் கிரியாத்தாவாக அனுப்ப மறுத்த சிசிலித் தகப்பனின் குரலாகக் கேட்டது. அந்த மறுப்பு இல்லாவிட்டால் எனக்கு இங்கே வேலையுமில்லை, பத்திரமுமில்லை.

அக்காவிடம் கேட்டேன்: "நாட்கூலி எவ்வளவு குடுக்கிறியள்? எத்தினை மணிக்கு வரச் சொல்லுறியள்? சாப்பாடு எங்கை வைச்சுக் குடுக்கிறியள்?" கடைசிக் கேள்விக்கு அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முத்தத்திலைதான், வேறை எங்கை?" என்றார்.

நம்பிக்கையான ஆள் வேண்டுமென்றால், நம்பத்தக்க எசமானாக நாம் இருக்கிறோமா என்பதை முதலில் கேட்க வேண்டும். கூலி, நேரம், நோய்நாள், இருந்து சாப்பிட ஒரு கதிரை. பலெர்மோவில் இவற்றுக்காகத் தொழிற்சங்க அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் நாம், ஊரில் இவை பற்றிப் பேசுவதில்லை. எமது புகலிட இலக்கியம் கோப்பை கழுவியதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. எமது வீட்டில் யார் கோப்பை கழுவினார்கள் என்பது பற்றி எழுதியது குறைவு. இந்தப் பக்கங்களில் அந்த வரலாற்றை எழுதத் தொடங்கலாம். ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து தொடங்கினால் போதும்.

நானும் தொடங்கினேன். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருப்பாள் என்று அக்காவைக் கேட்டேன். தெரியாது என்றார். அவளின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டேன். அம்மா வைத்த பெயர்தான் இருவருக்கும் ஞாபகத்தில் இருந்தது.